ஆசாபாவுக்கு ஒரு மனு

வேலையில் இருந்த காலம் முழுவதும் மற்றவர்களுடைய மனுக்களை வாங்கி வைத்தவன் நான். தாலுகா அலுவலகத்தில் தபால் பிரிவு. உறையைக் கிழித்து, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, உரிய மேசைக்கு அனுப்ப வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு நானே மனு எழுத உட்கார்ந்தேன், அதுவும் நைஜீரியாவில் இருக்கும் ஆசாபாவுக்கு.

2014 டிசம்பர். ஆண்டுதோறும் அந்த மாதத்தில் அம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு சில கைதிகளின் விவரங்களைத் தந்து, சம்பந்தப்பட்ட அரசுகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லும். மருமகள் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தாள். அதில் மோசஸ் அகாடுக்பா என்றொரு நைஜீரியப் பையன். 2005 நவம்பரில் கைதானபோது வயது 16. பள்ளித் தேர்வு முடிவுக்குக் காத்திருந்தவன். செல்போன்களைக் கொள்ளையடித்தான் என்று வழக்கு. காவலில் இடுக்கியால் நகங்களைப் பிடுங்கினார்கள் என்றும், வலி தாங்காமல்தான் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டதாகவும் அவன் சொல்லியிருந்தான். எட்டு வருடம் உள்ளே வைத்திருந்துவிட்டு, 2013இல் தூக்குத் தண்டனை விதித்தார்கள்.

நான் முதலில் எழுதியது நாலு பக்கம். படித்துவிட்டு மருமகள் கேட்டாள்: "மாமா, இது மனுவா, சாபமா?" வெட்கமாகப் போய்விட்டது. திட்டி எழுதிய மனு என்றால் அலுவலகத்துக்குக் கொண்டாட்டம் என்று எனக்குத் தெரியாதா? ஒரு வரிக் குறிப்பு எழுதிக் கோப்புக் கட்டோடு சேர்த்துவிடலாம். மரியாதையாக எழுதினால்தான் தட்டிக் கழிப்பது கஷ்டம். இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். கைதானபோது என்ன வயது, சித்திரவதைப் புகாரை விசாரிக்க வேண்டும், தண்டனையை ரத்து செய்ய வேண்டும். அவ்வளவுதான். பெறுநர்: மேதகு ஆளுநர், டெல்டா மாநிலம், ஆசாபா.

தபால் நிலையத்தில் இருந்த பெண் உறையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார்.

"அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் ஐயா?"

"யாருமில்லை அம்மா. ஆளுநருக்கு ஒரு மனு."

அவர் ஒன்றும் சொல்லாமல் தராசில் வைத்தார்.

ஆளுநர் அதைப் படித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பிரித்தவர் என்னைப் போல ஓர் எழுத்தராகத்தான் இருந்திருப்பார். ஒரு கைதிக்காக ஒரு கடிதம் வந்தால் அது வெறும் காகிதம். அதே பெயருக்குத் தினமும் கட்டுக்கட்டாக வந்தால் மேசையில் கை வைக்க இடமிருக்காது. எழுத்தர் கண்காணிப்பாளரிடம் போய் நிற்பார், அவர் தனக்கு மேலே இருப்பவரிடம் போவார். இதை யோசித்த பிறகு என் ஆங்கில நடையைப் பற்றிய கவலை போய்விட்டது. எடை கூடினால் சரி.

மோசஸுக்காக எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்களும் கையெழுத்துகளும் போயின. ஆளுநர் இம்மானுவேல் உடுவாகன் 2015 மே 28 அன்று மன்னிப்பு வழங்கினார். மறுநாள் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. படித்ததும் சிரித்துவிட்டேன். வருடக்கணக்கில் தூங்கிய கோப்பு, அதிகாரி மாற்றலாகிப் போகும் நாளின் மாலையில் கையெழுத்தாவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! (பீட்டர் பெனன்சன் என்ற லண்டன் வழக்கறிஞர் 'அப்சர்வர்' பத்திரிகையில் கட்டுரை எழுதி இந்தக் கடித வேலையைத் தொடங்கிவைத்ததும் ஒரு மே 28தான், 1961இல்.)

அதே பட்டியலில் சவுதி வலைப்பதிவர் ரயீஃப் பதாவியும் இருந்தார். எழுதிய குற்றத்துக்கு 10 ஆண்டு சிறை, 1000 கசையடி. அவருக்காகவும் எழுதினேன். 2015 ஜனவரி 9 அன்று ஜித்தாவில் ஜனங்கள் பார்க்க 50 அடி அடித்தார்கள். மீதி அடி விழவில்லை. ஆனால் அவர் வெளியே வர 2022 மார்ச் ஆகிவிட்டது. அதன் பிறகும் 10 ஆண்டு நாட்டைவிட்டுப் போகத் தடை. அங்கே எந்த மேசையும் நிரம்பவில்லை போலிருக்கிறது.

தபால் நிலையப் பெண் ஒருநாள் ஞாபகமாகக் கேட்டார்: "அந்த மனுவுக்குப் பதில் வந்ததா ஐயா?"

"பதில் வரவில்லை அம்மா. பையன் வெளியே வந்துவிட்டான்."

பதில் வந்திருந்தால், தலைப்பில் என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்த்திருப்பேன்.