பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டர்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

புதிதாக கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் பாகங்களின் பட்டியலை அனுப்பி "கொஞ்சம் பாரு, சரியா இருக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் நான் கவனிக்கும் ஒன்று உண்டு. முதல் வரியில் பிராசஸர் இருக்கும், இதைவிட ஒரு படி மேலே போகலாமா என்ற கேள்வியும் பக்கத்திலேயே இருக்கும். கடைசி வரியில் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை), அதற்குக் கம்பெனிப் பெயர்கூட இருக்காது, வெறுமனே "500 வாட்" என்று போட்டிருப்பார்கள். மானிட்டர் பட்டியலிலேயே இருக்காது. பணம் தாராளமாக இருந்தால் இப்படி யோசித்தாலும் எப்படியோ நல்ல மெஷின் வந்துவிடும். பணம் குறைவு என்றால் இந்த வரிசைதான் முதல் பிரச்சினை.

என் கணக்கு எளிமையானது. பிறகு சுலபமாக மாற்றவோ கூட்டிக்கொள்ளவோ முடிகிற பாகத்தில் இப்போது மிச்சம் பிடிக்கலாம். மாற்ற வேண்டுமென்றால் மொத்த மெஷினையும் பிரிக்க வேண்டிய பாகத்திலும், கெட்டுப்போனால் மற்றவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிற பாகத்திலும் கை வைக்கக் கூடாது.

முதலில் மானிட்டர். ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதன் ரெசல்யூஷன் என்ன, எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை திரை படத்தைப் புதுப்பிக்கும்) என்று பாருங்கள். 1080பி திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல்கள், 1440பி என்றால் 36.9 லட்சம், 4கே என்றால் 83 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரைக்குப் போகும் ஒவ்வொரு படத்துக்கும், கிராபிக்ஸ் கார்டு இத்தனையையும் வரைந்தாக வேண்டும், அதனால் திரையை மாற்றினாலே தேவைப்படும் கார்டும் மாறிவிடுகிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு நொடிக்கு 140 ஃபிரேம் கொடுக்கும் கார்டு வாங்கினால், கொடுத்த காசில் பாதிக்கு மேல் திரைக்கு வருவதே இல்லை. மறுபக்கம், போட்டியாக ஆடும் ஷூட்டர் கேம்தான் உங்கள் உலகம் என்றால் 144 ஹெர்ட்ஸ் திரை ஒரு பெரிய மாற்றம்: 60-இல் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி செகண்ட் நிற்கும், 144-இல் 6.9 மில்லி செகண்ட்தான். அந்த வகை கேம்களுக்கு கிராபிக்ஸைக் குறைத்து வைத்து ஆடுவார்கள், அப்போது சுமை பிராசஸர் பக்கம் சாயும். கதை சொல்லும் பெரிய கேம்களை எல்லா அழகோடும் பார்த்து ஆட வேண்டும் என்றால் சுமை கார்டு பக்கம். ஆக, என்ன ஆடப் போகிறீர்கள், எந்தத் திரையில் ஆடப் போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் மேற்கொண்டு போவதில் அர்த்தமே இல்லை. பட்ஜெட் குறைவு என்றால் 1080பி-யிலேயே நில்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, இன்றைக்கும் ரொம்பப் பேர் ஆடுவது அதில்தான்.

அப்புறம் கிராபிக்ஸ் கார்டு. மானிட்டரை விட்டுவிட்டு மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும் இதற்குப் போகலாம், கேமிங்கே முதல் வேலை என்றால் அது நியாயம்தான். ஆனால் கார்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இந்த இடத்தில்தான் பட்ஜெட் வாங்குபவர்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள், எனக்கு உண்மையிலேயே கோபம் வருவதும் இங்கேதான். ஆர்டிஎக்ஸ் 3050 என்று ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, 2024-இல் வந்த 6 ஜிபி கார்டும் இருக்கிறது. மெமரி மட்டும் குறைந்ததென்று நினைப்போம், ஆனால் கோர்களும் 2560-லிருந்து 2304 ஆகிவிட்டன, மெமரிக்கு டேட்டா போய்வரும் பாதையான மெமரி பஸ்ஸும் 128 பிட்டிலிருந்து 96 பிட். ஆர்டிஎக்ஸ் 3060-இலும் இதே கதை, 12 ஜிபி கார்டுக்கு 192 பிட், பிறகு வந்த 8 ஜிபி கார்டுக்கு 128 பிட். பெட்டியில் இரண்டுக்கும் எண் ஒன்றுதான். விலைப் பட்டியலில் "3060" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த 3060 என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னொரு உதாரணம். 4 ஜிபி மெமரி, மதர்போர்டோடு பேசுவதற்கு நான்கே நான்கு பிசிஐஇ லேன்கள் (டேட்டா போய்வரும் பாதைகள்). பிசிஐஇ 4.0 போர்டில் ஓரளவு சமாளிக்கும். பழைய 3.0 போர்டில் போட்டால் அந்த நான்கு லேனின் வேகமும் பாதியாகிவிடும், மெமரி நிறைந்து ராமிலிருந்து டேட்டா இழுக்க வேண்டிய கேம்களில் ஃபிரேம் சரசரவென்று இறங்கும். பழைய போர்டு வைத்திருப்பவர்தான் மலிவான கார்டைத் தேடுவார், அவருக்குத்தான் இது அதிகம் அடிபடும் என்பதை நினைத்துப் பாருங்கள். இதில் வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் என்கோடரும் கிடையாது, ஆடுவதை ரெக்கார்டு செய்ய நினைப்பவருக்கு அதுவும் இடி.

1080பி-க்கு 8 ஜிபி மெமரி என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வேன். 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600 இன்னமும் என் பட்டியலில் இருப்பதற்குக் காரணம் அதுதான், 8 ஜிபி இருக்கிறது, 132 வாட்டோடு நின்றுவிடுகிறது, பெரிய எஸ்எம்பிஎஸ் கேட்பதில்லை. இன்டெல் ஆர்க் பி580-இல் 12 ஜிபி இருக்கிறது, நல்ல கார்டு, ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மொத்த மெமரியையும் பிராசஸர் ஒரே தடவையில் எட்ட விடுவது) என்ற வசதி மதர்போர்டில் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அதன் பாதி குணம் வெளியே வராது. பழைய மெஷினுக்கு கார்டு மட்டும் மாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிராசஸரில் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் போதும். ஏஎம்டி-யின் ரைசன் 5 5600, இன்டெலின் கோர் ஐ5-12400எஃப் இரண்டுமே அந்த வகை, இரண்டுக்குமே பெட்டியில் வரும் கூலர் போதும், தனியாகக் கூலருக்குச் செலவு செய்யாதீர்கள். இன்னும் இறங்க வேண்டும் என்றால் நான்கு கோர் ஐ3-12100எஃப் இருக்கிறது, இன்று ஆடுவதற்கு ஓடும், ஆனால் சராசரி ஃபிரேம் நன்றாக இருந்தாலும் நடுநடுவே திக்கும், அதைத்தான் "1 சதவீத லோ" என்ற எண் (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) காட்டுகிறது. ரிவியூ பார்க்கும்போது சராசரியை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

பெயரில் ஓர் எண் அல்லது எழுத்து மாறினாலும் உள்ளே நிறைய மாறுகிறது என்பது இங்கேயும் உண்டு. 5600-இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, 5500-இலும் 5600ஜி-யிலும் 16 எம்பிதான், அவை இரண்டும் பிசிஐஇ 3.0-வோடு நின்றுவிடும். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் 5600-தான். 5600ஜி-யில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, இப்போதைக்குக் கார்டு வாங்கவே முடியாது, சில மாதம் கழித்துத்தான் என்கிறவருக்கு அது சரியான வழி. இன்டெலில் எஃப் என்று முடியும் எதிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் ஒன்றுமே வராது.

பாட்டில்நெக் (ஒரு பாகம் மற்றதன் வேகத்துக்குத் தடையாக இருப்பது) எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் வலைத்தளங்களை நம்பி யாரும் பிராசஸரை மாற்ற வேண்டாம். ஒரே மெஷினில் ஒரு கேமில் பிராசஸர் தடையாக இருக்கும், அடுத்த கேமில் கார்டு தடையாக இருக்கும், இதற்கு ஒற்றை எண் எப்படி வரும்? தெரிந்துகொள்ள வேண்டுமானால் கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் ஏறினால் கார்டுதான் தடை, அப்படியே நின்றால் பிராசஸர்.

மதர்போர்டில் விளக்குக்கும் பெயருக்கும் காசு கொடுக்க வேண்டாம், பிராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்குக் கொடுங்கள். மேலே சொன்ன 5600 உட்காரும் ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது. 2017-இல் பி350 போர்டு வாங்கியவர், அந்தப் போர்டுக்கு பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் கிடைத்திருந்தால், 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி-யை அதே போர்டில் போட முடிந்தது, 96 எம்பி எல்3 கேஷ் உள்ள பிராசஸர் அது. பட்ஜெட்டில் வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது. ஏஎம்4-இன் காலம் இப்போது முடிந்துவிட்டது, இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைக்கான எல்ஜிஏ 1700 சாக்கெட்டும் அப்படியே. ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5-ஐ 2027 தாண்டியும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது, ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம்தான் வேண்டும். சரி, எது வாங்குவது? பணம் இழுத்துப் பிடித்தால்தான் வருகிறது என்றால் ஏஎம்4-இல் பி550 போர்டு, மிச்சத்தைக் கார்டில் போடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் பிராசஸர் மாற்றுவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் ஏஎம்5-க்குக் கூடக் கொடுக்கலாம். எந்தப் போர்டாக இருந்தாலும் உங்கள் பிராசஸரை அறியும் பயாஸ் அதில் இருக்கிறதா என்று வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

ராம் இரண்டு குச்சியாக வாங்குங்கள். ஒரே 16 ஜிபி குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகள் கேமில் வேகம், ஏனென்றால் இரண்டு சேனலும் வேலை செய்யும். நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். 3600 என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், 3200 வேகத்தில் சிஎல்16, 3600 வேகத்தில் சிஎல்18 (சிஎல் என்பது பதில் தருவதற்கு முன் ராம் காத்திருக்கும் சுற்றுகள்), இரண்டிலும் முதல் பதில் வர ஆகும் நேரம் 10 நானோ செகண்ட்தான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை உலகமெங்கும் ஏறியது, அதனால் 16-இல் தொடங்கிப் பிறகு கூட்டிக்கொள்வதில் தவறே இல்லை. எஸ்எஸ்டி-யிலும் இதே நியாயம்தான். நொடிக்கு 3500 எம்பி படிப்பதற்கும் 7000 எம்பி படிப்பதற்கும் கேம் லோடு ஆவதில் பெரிய வித்தியாசம் தெரியாது, வேகத்துக்குக் கொடுக்கும் காசை இடத்துக்குக் கொடுங்கள்.

இப்போது எஸ்எம்பிஎஸ். இதைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். மற்ற எந்தப் பாகம் மட்டமாக இருந்தாலும் வேகம்தான் குறையும். இது மட்டமாக இருந்தால், போகும்போது கார்டையும் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற ஸ்டிக்கர் இருந்தால் தரமானது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஸ்டிக்கர் சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டும், 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் குறைந்தது 85 சதவீதம் என்பதுபோல. ஷார்ட் ஆனால் அணையுமா, வோல்டேஜ் எகிறினால் அணையுமா, சூடு ஏறினால் அணையுமா என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது அதிலிருந்துதான். 38 ஆம்பியர் என்றால் 456 வாட். "500 வாட்" என்று பெரிய எழுத்தில் போட்டு 12 வோல்ட்டில் அதற்கு ரொம்பக் கீழே இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். எத்தனை வருட வாரண்டி என்பதும் ஒரு நல்ல அடையாளம், ஐந்து வருடத்துக்கு மேல் கொடுக்கிற கம்பெனி கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கும்.

அதே சமயம் 750 வாட் வேண்டும் என்று பயமுறுத்துபவர்களையும் நம்ப வேண்டாம். 5600 அதிகபட்சம் 76 வாட், ஆர்எக்ஸ் 6600 132 வாட், ஃபேன், எஸ்எஸ்டி, போர்டு எல்லாம் சேர்த்து ஓர் ஐம்பது, மொத்தமே 260-க்குள் அடங்கும். கார்டுகள் கண நேரத்துக்கு இதைவிட அதிகமாக இழுக்கும், அதற்கு இடம் விட்டாலும் நல்ல கம்பெனியின் 500 வாட் தாராளம். பிறகு பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 650. கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் ஒரு எச்சரிக்கை: பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். செருகினால் பொருந்தும், ஆனால் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஹார்டு டிஸ்க் ஒரு நொடியில் போய்விடும்.

கேபினட்டில் முன்பக்கம் வலையாக இருக்கட்டும், கண்ணாடியாக வேண்டாம், காற்று எங்கிருந்து உள்ளே போகும்? அவ்வளவுதான்.

பழைய பாகம் வாங்கலாமா என்றால், கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம், நேரில் அரை மணி நேரமாவது கனமான கேம் ஓடவிட்டுப் பார்த்து. எஸ்எம்பிஎஸ் பழையது வேண்டவே வேண்டாம். பழைய பிராசஸர், போர்டு வாங்கும்போது விண்டோஸ் 11-ஐ நினைவில் வையுங்கள்: இன்டெலில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி-யில் ரைசன் 2000 வரிசை, அதற்குக் கீழே பெரும்பாலும் அனுமதி இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறை ஐ7-7700 மலிவாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

பாகங்களை மாதம் ஒன்றாகச் சேர்ப்பது நல்ல யோசனை மாதிரித் தெரியும். ஆனால் கடைசிப் பாகம் வந்து மெஷினை ஓட்டிப் பார்க்கும்போது முதலில் வாங்கிய போர்டு வேலை செய்யவில்லை என்றால் அதை மாற்றித் தரும் நாள் எப்போதோ முடிந்திருக்கும். பணத்தைச் சேர்த்து வைத்து எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள். கேபினட்டில் ஏற்றும் முன் போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே பிராசஸர், கூலர், ராம், கார்டு, எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். ஓடினால் மானிட்டர் கேபிளை போர்டில் செருகாமல் கார்டில் செருகி, பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ராமை அதில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட விடும் வசதி) ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் 3200 ராம் பெரும்பாலும் 2133-இலோ 2400-இலோதான் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், அது தானாக மாறாமல் 60-இலேயே நின்றிருக்கும் மெஷின்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.