இரண்டு சீட்டிலும் 1-0-0

என்னிடம் இரண்டு ஃபைல்கள் உண்டு. நீலம் தைராய்டுக்கு, தஞ்சாவூர் டாக்டர். சிவப்பு குடலுக்கு, திருச்சி டாக்டர். நிறத்தை யோசித்தெல்லாம் வாங்கவில்லை, கடையில் இருந்ததை எடுத்தேன். சிவப்பு எவ்வளவு பொருத்தம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இரண்டும் பீரோவில் ஒரே தட்டில்தான் இருந்தன. ஆனால் ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. அதனால் 2019-இல் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்தது தைராய்டு. 2014, எனக்கு 32 வயது. ஆடிட்டர் ஒருவரின் அலுவலகத்தில் கணக்கு வேலை. மத்தியானம் மூன்று மணிக்கு லெட்ஜர் மேலேயே கண் சொக்கும். குரல் கட்டிப்போனது, மலச்சிக்கல், எடை ஏறியது. அக்னி நட்சத்திரத்தில் போர்வை கேட்ட ஒரே ஆள் எங்கள் தெருவில் நானாகத்தான் இருப்பேன். சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால், 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டிய டி.எஸ்.எச். 46 இருந்தது. இந்த எண் தலைகீழ்: தைராய்டு ஹார்மோன் கம்மியானால் ஏறும், ஜாஸ்தியானால் இறங்கும். ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்புப் பொருளும் எக்கச்சக்கம். ஹஷிமோட்டோ தைராய்டு அழற்சி என்றார் டாக்டர். 1912-இல் இதை முதலில் எழுதிவைத்த ஜப்பானிய மருத்துவரின் பெயராம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடுகிறது.

அலுவலகத்தில் செய்தி பரவியதும் ஒருவர் கேட்டார்: "ஆம்பளைக்குக்கூட தைராய்டு வருமா சார்?" வரும். பெண்களுக்கு அதிகம், அவ்வளவுதான்.

அந்தச் சுரப்பி சுரக்க வேண்டிய ஹார்மோன்தான் தைராக்ஸின். அந்த மாத்திரை 75 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 100-இல் நின்றது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், அப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. எனக்கு நோயைவிட அந்த ஒரு மணி நேரம்தான் பெரிய தண்டனை. அடுப்படியில் டிகாக்ஷன் இறங்கும் வாசனை கூடம் வரை வரும், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் இரண்டே மாதத்தில் ஆள் மாறிவிட்டேன். போர்வை பெட்டிக்குள் போனது.

குடல் கதை 2017-இல் ஆரம்பித்தது. வெளிக்குப் போகும்போது ரத்தம். நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான், மூலம். அம்மா துத்தி இலையை நெய்யில் வதக்கிக் கொடுத்தார். வாரம் மூன்று நாள் கருணைக்கிழங்கு. பெரியப்பா "உடம்புச் சூடு" என்று இளநீர் வாங்கி வந்தார். நானும் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் விவரமாகச் சொல்லவில்லை. பக்கத்து கிளினிக்கில் சீதபேதி என்று இரண்டு முறை அமீபாவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். இப்படியே ஐந்து மாதம் ஓடியது. ஒருநாள் ராத்திரி பதினான்கு தடவை எழுந்து போனேன், கடைசி சில தடவை ரத்தமும் சளியும் மட்டும்தான். மறுநாள் திருச்சிக்குப் போனோம், குழாய் கேமராவைக் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பு செய்தார்கள். பெருங்குடலின் இடதுபக்கம் முழுக்கப் புண். பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் அவ்வப்போது கிளம்பும் நோய், பெயர் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். குடல் காசநோயும் சில நேரம் இதே வேஷத்தில் வரும் என்பதால் சதைத் துணுக்கு எடுத்து அதற்கும் பார்த்துவிட்டுத்தான் உறுதிசெய்தார்கள்.

குடல் அழற்சியை அடக்கும் மெசலமைன் ஒரு நாளைக்கு 4.8 கிராம், ராத்திரி எனிமா, அதோடு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி., வாரத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைக்க வேண்டும். அந்த எட்டு வாரத்தில் எடுத்த ஒரு கல்யாண போட்டோவில் என் முகம் பூசணிக்காய் மாதிரி இருக்கும். ஆனால் ரத்தம் பத்தே நாளில் நின்றது. அதற்காகப் பூசணி முகத்தை மன்னித்துவிட்டேன்.

"ஏற்கெனவே தைராய்டு இருக்கே, அதனாலதான் இதுவும் வந்ததா?" என்று கேட்டேன். இரண்டும் எதிர்ப்பு சக்தி தடம் மாறுவதால் வருவதுதான், ஆனால் ஒன்று இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று அர்த்தம் இல்லை என்றார் டாக்டர். இன்னொன்றும் சொன்னார்: நோய் உச்சத்தில் இருக்கும்போதும் ஸ்டீராய்டு ஓடும்போதும் டி.எஸ்.எச். பார்த்தால் அந்த எண்ணை நம்பி மாத்திரையை மாற்றக் கூடாது, எல்லாம் அடங்கிய பிறகு பார்க்க வேண்டும். இதை மட்டும் உருப்படியாக ஞாபகம் வைத்திருந்தேன்.

சாப்பாட்டில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். தைராய்டுக்கு முட்டைக்கோஸ் ஆகாது, காலிஃபிளவர் ஆகாது, சோயா ஆகாது என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. குடலுக்குக் காரம் ஆகாது, பால் ஆகாது, கீரை ஆகாது, பருப்பு ஆகாது என்று இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கழித்தால் மிஞ்சியது தண்ணீரும் உப்பும். "உப்புலயும் அயோடின் இருக்கேப்பா" என்றார் பெரியப்பா. கடைசியில் டாக்டர்கள் சொன்னது ரொம்பச் சாதாரணம். வேகவைத்த முட்டைக்கோஸை வீட்டில் சாப்பிடும் அளவுக்குச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. புண் தீவிரமாக இருக்கும் நாட்களில் மட்டும் நார்ச்சத்தைக் குறைத்துக்கொள், மற்ற நாளில் எல்லாம் சாப்பிடு. எனக்குப் புண் கிளம்பினால் கஞ்சி, இட்லி, தயிர்சாதம். மற்றபடி வத்தக்குழம்பை நான் விடவில்லை.

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போவதை மட்டும் விட்டேன். ரயிலில் கழிப்பறை இருக்கிறது. இதே நோய் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, 2019-க்கு வருகிறேன். ஜனவரியில் குடல் லேசாகக் கிளம்பி அடங்கியது. ஆனால் ரத்தம் போனதில் ஹீமோகுளோபின் 8.9. திருச்சி டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார், 1-0-0. அதாவது காலையில் ஒன்று. தைராய்டு சீட்டிலும் 1-0-0 தான். வீட்டில் ஏழு நாளுக்கும் கட்டம் போட்ட மாத்திரை டப்பா உண்டு. என் மனைவி இரண்டையும் 'காலை' கட்டத்தில் போட்டு வைத்தாள். நான் இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்கினேன்.

தைராக்ஸினை இரும்பு வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் இதே கதைதான். இதெல்லாம் இப்போது தெரியும்.

மார்ச்சில் டி.எஸ்.எச். 18. தஞ்சாவூர் டாக்டர் மாத்திரையை 125 ஆக்கினார். மே மாதம் பார்த்தால் 12. 150 ஆக்கினார். "ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டார். ஒரு நாள் விடாமல் போடுகிறேன் என்றேன். அது சத்தியம்தான், கூட எதைப் போடுகிறேன் என்பதை அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. உடம்பு அசதியாகவே இருந்தது. ரத்தசோகையா, தைராய்டா, குடலா? மூன்றிலும் அசதிதான் முதல் வரி. திருச்சியில் சொன்னால் ரத்தசோகை என்பார்கள், தஞ்சாவூரில் சொன்னால் தைராய்டு என்பார்கள். இருவர் சொன்னதும் சரிதான் என்பதுதான் இதில் சங்கடம்.

இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டியது, ஹீமோகுளோபினும் 9.4-க்கு மேல் நகரவில்லை. ஜூலையில் திருச்சி டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு டிரிப்ஸில் இரும்பு ஏற்றினார், 200 மி.கி. வீதம் ஐந்து தடவை. ரத்தம் நன்றாக ஏறியது. சந்தோஷப்பட்டேன்.

வழியில் நின்ற இரும்பு விலகிவிட்டது, 150 மைக்ரோகிராமும் இப்போது தடையில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

தீபாவளிக்கு முன்னால் வயிறு போக ஆரம்பித்தது. நாளைக்கு ஆறு ஏழு தடவை. நான்கு கிலோ இறங்கினேன். தூக்கம் வரவில்லை, படுத்தால் நெஞ்சுத் துடிப்பு காதில் கேட்கும். அக்னி நட்சத்திரத்தில் போர்வை கேட்டவன், ஐப்பசி அடைமழையில் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு வியர்த்துக் கிடந்தேன். திருச்சிக்கு ஓடினேன். எத்தனை தடவை, எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டுவிட்டு, மறுபடியும் கிளம்பியிருக்கும் போலிருக்கிறது என்று பிரெட்னிசோலோன் 40 எழுதினார்கள். அன்று கூட்டமான கூட்டம். என் முறை வந்து போக ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவர்களைக் குறை சொல்லி என்ன, கோலைட்டிஸ் ஆசாமி வயிறு போகிறது என்று வந்து நின்றால் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். மாத்திரையை வாங்கிவந்து மேஜையில் வைத்தேன். பூசணி முகம் ஞாபகம் வந்தது, காலையில் ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் மனைவி காபியை நீட்டினாள். வாங்கினேன். டபராவுக்குள் டம்ளர் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"என்னங்க, கை இப்படி நடுங்குது?"

"ராத்திரி தூக்கமில்ல."

"இல்லீங்க. எங்க அக்காவுக்குத் தைராய்டு ஜாஸ்தி ஆனப்ப இப்படித்தான் இருந்துச்சு. அவளுக்கும் வயிறு போயிட்டே இருந்துச்சு."

எனக்குத் தைராய்டு கம்மி, ஜாஸ்தி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் 150 என்ற எண் ஞாபகம் வந்தது. பீரோவைத் திறந்து இரண்டு ஃபைலையும் தரையில் பரப்பினேன். பேங்க் ஸ்டேட்மென்டும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? தேதிவாரியாக இரண்டையும் ஒரே தாளில் இறக்குவோம். அதையே செய்தேன். இடதுபக்கம் குடல், வலதுபக்கம் தைராய்டு. ஜனவரி இரும்பு ஆரம்பம், மார்ச் டி.எஸ்.எச். 18. ஜூலை இரும்பு நிறுத்தம், தைராக்ஸின் 150 அப்படியே. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஊரார் கணக்கையெல்லாம் டேலி செய்கிறவன் சொந்த உடம்பில் ஒன்பது மாதம் கோட்டை விட்டிருக்கிறேன்.

அந்தத் தாளோடு அன்றே திருச்சிக்கு ரயில் ஏறினேன். டாக்டர் இந்த முறை நிதானமாகப் பார்த்தார். "ரத்தம் வருதா?" இல்லை. "சளி?" இல்லை. "ராத்திரி வயிறு எழுப்பி விடுதா?" இல்லை, தூக்கம்தான் வரவில்லை. நாடி பார்த்தார், 112. ஸ்டீராய்டை ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒரு பரிசோதனை எழுதினார். குடலில் அழற்சி இருந்தால் அது ஏறும். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அந்த வருடம் நான் செலவழித்ததில் உருப்படியான பணம் அதுதான். 50-க்குக் கீழே இருந்தால் குடல் சாது. எனக்கு 32. டி.எஸ்.எச். 0.03, அதாவது தைராய்டு மாத்திரை ஜாஸ்தி. குடல் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

தஞ்சாவூர் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "அயர்ன் சாப்பிடுறேன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார். நீங்கள் கேட்கவே இல்லையே என்பது நாக்கு நுனி வரை வந்து நின்றது. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தி, மறுபடி 100-இல் ஆரம்பித்தோம். ஆனால் உடனே சரியாகிவிடவில்லை. தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். படபடப்பு அடங்க மூன்று வாரம் போனது. எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். 2.8.

டாக்டரிடம் கேட்டுத் தைராய்டு மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். எட்டு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு, பதினொரு மணிக்கு மாத்திரை. காலைக் காபி விடுதலை ஆனது. எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன், என் டாக்டர் எனக்குச் சொன்னது இது. குடல் பக்கம் எந்த மாத்திரை புதிதாகச் சேர்ந்தாலும் நின்றாலும், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்த்துவிடுகிறேன். வயிறு போனால் முதலில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறேன், அடுத்து நாடியை எண்ணுகிறேன். மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டால் பாராசிட்டமால் மட்டும்தான். மற்ற வலி மாத்திரைகள் குடலைக் கிளப்பிவிடும் என்று சிவப்பு ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்தின் நகல் நீல ஃபைலிலும் இருக்கிறது.

காத்திருப்புக் கூடத்தில் ஒருமுறை தொலைக்காட்சியில் ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே பதவி விலகுகிறார் என்று செய்தி ஓடியது. 2020 ஆகஸ்ட். காரணம், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். 2007-இலும் அவர் விலகியதற்கு அதுதான் காரணம். என் ஒரு நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்தவர் ஜப்பான்காரர், இன்னொரு நோயை உலகத்துக்கே தெரியவைத்தவரும் ஜப்பான்காரர். பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். அவர் மூட்டுவலிக்கு வந்தவர், ரசிக்கவில்லை.

2025-இல் குடல் நோய்க்கு எட்டு வருடம் ஆனது. இத்தனை வருடம் ஆனால், புற்றுநோய்க்கான மாற்றம் ஏதும் தென்படுகிறதா என்று குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கோப்பு பார்க்க ஆரம்பிக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம், குடலைக் கழுவிச் சுத்தமாக்கக் கொடுக்கும் அந்த உப்புத் தண்ணீரை ஒவ்வொரு டம்ளராகக் குடித்துக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "பதினொரு மணி மாத்திரை?" வயிற்றில் எதுவும் தங்காத ராத்திரி. போடுவதா, வேண்டாமா? தஞ்சாவூர் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது சார். அது ஒரு வாரம் தாங்குற சரக்கு. நாளைக்குப் போட்டுக்குங்க."

மறுநாள் குடல் சுத்தமாக இருந்தது, சதைத் துணுக்கிலும் ஒன்றும் இல்லை. திரும்பும் ரயிலில் காபி வாங்கினேன். மோசமான காபி. இரண்டு கப் குடித்தேன்.