விற்ற வண்டிக்குச் சந்தா

போன செவ்வாய்க்கிழமை பனியன் பண்டல் ஏற்றிக்கொண்டிருக்கும்போது எஸ்எம்எஸ் வந்தது. கணக்கிலிருந்து ரூ.1,770 போய்விட்டது. எடுத்த கம்பெனியின் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. மோசடிதான் என்று பேங்குக்கு ஓடக் கிளம்பிவிட்டேன்.

மச்சான்தான் யுபிஐ ஆப்பில், கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்க அனுமதிக்கும் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து காட்டினார். இரண்டு வருடம் முன்பு நானே பின் நம்பர் போட்டு அனுமதித்த சந்தா, வண்டி எங்கே போகிறது என்று காட்டும் ஜிபிஎஸ் கருவிக்கு! 1,500 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டி 270 ரூபாயும். கருவி விற்ற கடைக்கு ஒரு பெயர், பணம் எடுப்பவருக்கு வேறு பெயர். ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரம் முன்னாலேயே தகவலும் வந்திருக்கிறது. லோன் விளம்பரங்களுக்கு நடுவே நான்தான் பார்க்கவில்லை.

சரி, கருவிக்குள் சிம் இருக்கிறது, அதற்கு டேட்டா வேண்டும், சந்தா நியாயம்தான். ஆனால் எந்த வண்டிக்கு? நம்பரைப் பார்த்தால் தை மாதம் விற்ற பழைய குட்டி யானை. கருவியைக் கழற்றாமலே கொடுத்திருக்கிறேன். ஆப்பைத் திறந்தால், தாராபுரம் ரோட்டில் 42 கிலோமீட்டர் வேகத்தில் பச்சை அம்பு ஜம்மென்று போகிறது. அடுத்தவர் வண்டியை இத்தனை மாதமாக என் போன் பின்தொடர்ந்திருக்கிறது. கூச்சமாகிவிட்டது.

ஆட்டோபேயை ரத்து செய்தேன். அது இனிமேல் எடுப்பதைத்தான் நிறுத்தும். போன பணம் வராது என்றார்கள் கஸ்டமர் கேரில். அப்புறம் வண்டி வாங்கியவருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்ணா, அதுக்குள்ள ஜிபிஎஸ் இருக்குதுங்களா?" என்றார்.