மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரைப் பெற்றோலுக்குத் திருப்புதல்: இதுவரை நடந்தது

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு ஐயாவின் வளவில் நின்ற மொறிஸ் மைனர் 1000 ஒன்றை வாங்கி, மாங்குளத்தில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எனக்கு இருந்த அனுபவம் மோட்டார் சைக்கிளுக்குப் பிளக் மாற்றியது, செயின் இறுக்கியது, அவ்வளவுதான். 948 சிசி எஞ்சின், அதனால் 1956க்கும் 1962க்கும் இடையில் செய்த கார். சில்லுகள் கழற்றிக் கல்லின்மேல் நின்றதால் 2008 கடைசியில் ஊர் இடம்பெயர்ந்தபோது ஐயாவால் அதைக் கொண்டுபோக முடியவில்லை. மிஞ்சினதும் அதனால்தான், ஓடக்கூடிய நிலையில் இருந்த வாகனங்கள் சனத்தோடு முள்ளிவாய்க்கால் வரை போய், பல அங்கேயே எரிந்து முடிந்தன. மீளக்குடியமர வந்தபோது பற்றறியும் ரேடியேற்றரும் மட்டும் போயிருந்ததாம். கதவின் உள் அட்டைகளைக் கறையான் தின்றிருந்தது, சைலன்சர் குழாய் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

பெயின்ற் அடிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி வேலை. மொறிஸ் மைனருக்குத் தனியாகச் சேஸி கிடையாது, உடம்பேதான் சேஸி, எனவே தரைத்தகடும் அதன் அடியில் பெட்டி மாதிரி மடித்த பகுதிகளும் கறள் பிடித்தால் மேலே எவ்வளவு மினுக்கினாலும் பயனில்லை. கால்மிதியைத் தூக்கி ஸ்குறூட்றைவரால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்குச் சாரதி பக்கம் குத்தின இடமெல்லாம் இறங்கியது. இங்கே பக்கத்தில் வெல்டிங் செய்கிறவர்கள் ராக்டர் பெட்டி ஒட்டிப் பழகிய கைகாரர்கள், தடித்த இரும்புக்கு அவர்களை மிஞ்ச ஆளில்லை, ஆனால் இந்த மெல்லிய தகடு குச்சி வெல்டிங்கைத் தாங்காது, ஓட்டை பெருத்துக்கொண்டே போகும். லொறியில் ஏற்றி வவுனியாவில் மெல்லிய தகட்டுக்கு ஏற்ற, கம்பி தானாக வரும் மிக் வெல்டிங் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். வெட்டுவதற்கு முன் அவர் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே கம்பி ஒட்டிக்கொண்டார், இல்லாவிட்டால் உடம்பு தொய்ந்து பிறகு கதவு பூட்டாது.

ராக்டர் உதவிய இடமும் உண்டு. இந்தக் காரின் நட்டுகள் மில்லிமீற்றர் கணக்கு இல்லை, அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீற்றர் சாவி போட்டால் வழுக்கி மூலை போய்விடும். கொழும்பிலிருந்து சாவி எடுப்பிக்க வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருக்க, பழைய மசி பேர்குசன் ராக்டர் திருத்துகிற அண்ணை ஒருவர் தன் பெட்டியைத் திறந்து காட்டினார், ஏழு பதினாறில், அரை, ஒன்பது பதினாறில், எல்லாம் இருந்தது.

அந்த அண்ணைதான் எஞ்சினிலும் கூட நின்றவர். பெற்றோல் தடைக் காலத்தில் இப்படிப்பட்ட கார்களை மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கொடுத்தவர். பொனற்றைத் திறந்த உடனே நான் சாவியை எடுக்க, "கழட்டாதை தம்பி, முதல் வடிவாப் பார்" என்றார். 1990இலிருந்து வன்னிக்குப் பெற்றோல் தடை, 2002 வரை அதுதான் நிலைமை. பொனற்றுக்குள் ஒரு சின்னத் தகர டப்பா, அதிலிருந்து சேலைன் குழாய், டாஷ்போட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் திருப்பக்கூடிய ஒரு பித்தளை வால்வு. டப்பாவில் கொஞ்சம் பெற்றோல், பெரிய ராங்கில் மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் வால்வைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு விடுவது. நிற்பாட்ட முன்னர் மறுபடி பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும், அப்போதுதான் காபறேற்றருக்குள் அடுத்த ஸ்ராட்டுக்குப் பெற்றோல் நிற்கும். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது என்பதால், அது வரும் செப்புக்குழாயைச் சைலன்சர் மனிபோல்டில் சுற்றி விட்டிருந்தார்கள்.

எஞ்சினின் மேல்தலையைக் கழற்றியபோது அதற்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, அதாவது கஸ்கற், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. எனக்கு விளங்கவில்லை, அண்ணை சிரித்தார். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, அமுக்கம் கூடினால் எஞ்சின் தட்டும், அதனால் கஸ்கற்றைத் தடிப்பாக்கி அமுக்கத்தைக் குறைத்திருக்கிறார்கள், பிளக் பொறி விடும் நேரமான ரைமிங்கையும் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். அதன் விலையும் உள்ளே தெரிந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போக வைக்கும். சிலிண்டரின் மேல்விளிம்பில் விரல்நகத்தை ஓட்டினால் தடக்கென்று ஒரு படி தடுத்தது, சுவர் அவ்வளவு தேய்ந்திருந்தது. வால்வுகளில் கரி தடித்த கறுப்புப் பொருக்காக ஒட்டியிருந்தது.

ஆக, என் எஞ்சின் வேலை என்பது அந்தக் கெட்டித்தனத்தை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுப்பதுதான். சிலிண்டர் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன், ஒரே ஒரு கஸ்கற், வால்வு இடைவெளி 0.012 அங்குலம், பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் பொயின்ற்றின் இடைவெளி 0.015, எரியும் ஒழுங்கு 1-3-4-2. ராங்கைக் கழற்றிச் சின்னக் கற்கள் போட்டுக் குலுக்கினால் பிசின் மாதிரிக் கழிவு வந்துகொண்டே இருந்தது. பிஸ்டனும் கஸ்கற்றும் கொழும்பில் வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் எடுத்தவை. செப்புச் சுருளைக் கழற்றிவிட்டேன். பித்தளை வால்வை மட்டும் இணைப்பில்லாமல் அதே இடத்தில் விட்டிருக்கிறேன், 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டோடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற யாரும் அதைக் கழற்று என்று சொல்லவில்லை.

எஞ்சின் இப்போது ஓடுகிறது, ஹான்டில் போட்டுச் சுற்றியே ஸ்ராட் ஆனது. கார் இன்னும் ஓடாது. பிறேக் சிலிண்டர் முன் சில்லுகளுக்கு இரண்டிரண்டு, பின்னுக்கு ஒவ்வொன்று, ஆறும் இறுகிப்போயிருந்தன, புது ரப்பர் போட்டாயிற்று. மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே தரைக்கு அடியில் இருக்கிறது, அதன் போல்ற்றைக் கழற்றவிடாமல் முன் சஸ்பென்சனின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும், இப்படி வைத்தவர்களை அண்ணை பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. முன் சில்லைத் தாங்கும் கீழ் மரையில் கிறீஸ் இல்லாமல் பல காலம் ஓடியிருக்கிறது, கையால் ஆட்டினாலே ஆடுகிறது. அந்த மரை தேய்ந்து விட்டுப்போனால் ஓடும்போதே சில்லு உள்ளே மடங்கிவிடும் என்பதால், பாகம் வரும்வரை பனங்குற்றியில்தான் நிற்கிறது.

வயறிங் அடுத்தது. இப்போதைய கார்களுக்கு நேர்மாறாக, இந்தக் காருக்குப் பற்றறியின் பொசிற்றிவ்தான் உடம்புக்கு எர்த், எனவே பற்றறி மாட்டும்போதும் எல்ஈடி பல்ப் போட ஆசைப்படும்போதும் கவனம். அப்புறம் லொக் புக், காரின் பதிவுப் புத்தகம். ஐயாவுடையது இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது, அவர் பெயரில் பிரதி எடுத்துத்தான் என் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், ஆனால் பஸ்ஸில் வரமாட்டாராம்.