உத்தரவு வந்த பிறகு புலம்பாமல், மனு வரும்போதே பேசுவோம்

மதுரை பக்கத்துக் கப்பலூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு ரப்பர் பட்டறை நடத்துகிறேன். வண்டிகளுக்கான புஷ், கேஸ்கெட் போடுகிறோம். டீக்கடையில் நின்றால் "கவர்மென்ட் நம்மகிட்ட எங்கண்ணே கேக்குது?" என்ற பேச்சு தினமும் காதில் விழும். கேட்கிறார்கள். கேட்கிற நாளில் நம்மில் பலர் அங்கே இருப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மின் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். 2003 மின்சாரச் சட்டம் 64-வது பிரிவின்படி, கட்டணத்தை மாற்றக் கேட்கும் மனுவை விளம்பரப்படுத்த வேண்டும். மக்கள் தரும் ஆட்சேபங்களைப் பார்த்துவிட்டு, 120 நாளுக்குள் ஒழுங்குமுறை ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் இதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் மதுரையிலேயே நடந்தது. எங்களைப் போன்ற எல்.டி. 3-பி (குறைந்த அழுத்தத் தொழில்) இணைப்புகளுக்கும், மின் தேவை அதிகமாக இருக்கும் உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம் என்பது அப்போதைய பெரிய பிரச்சினை.

மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை உச்ச நேரம் என்றால் பட்டறையில் என்ன ஆகும்? ரப்பர் வேகுவதற்கு அச்சு 150 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்க வேண்டும். ஆறு மணிக்கு அணைத்தால் அச்சு ஆறிப்போகும். மறுபடி சூடேற்ற அதற்குத் தனியாகக் கரண்ட் இழுக்கும். சரி, பத்து மணிக்கு மேல் ஓட்டலாம் என்றால், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வருபவர்கள் எந்த பஸ்ஸைப் பிடித்து வீடு போவார்கள்? சென்னையில் உட்கார்ந்து கோப்பு பார்க்கிறவருக்கு நாம் சொன்னால்தானே இது தெரியும்!

அந்த வருடம் செப்டம்பர் 10-ல் உத்தரவு அமலானது. 3-பிக்கு உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல். சங்கங்கள் விடாமல் கேட்டு, பிறகு அது 15 சதவீதமாகக் குறைந்தது. எவ்வளவு கரண்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் அப்படியே நின்றதால், 2023 செப்டம்பர் 25-ல் மாநிலம் முழுக்கச் சிறு குறு தொழில்கள் ஒரு நாள் கதவடைப்பு செய்தன. ஒரு நாள் உற்பத்தியும் ஒரு நாள் கூலியும் அதில் போயிற்று.

கூட்டத்தில் சொன்னதெல்லாம் அப்படியே நடந்துவிடாது. ஆனால் எழுதிக் கொடுத்த ஆட்சேபம் பதிவில் இருக்கும். அப்புறம் மடீட்சியா (மதுரை மாவட்டச் சிறு குறு தொழில்கள் சங்கம்) மாதிரியான சங்கம் அமைச்சரைப் பார்க்கப் போகும்போது, கையில் பிடித்துக்கொள்ள அது உதவும். ஜி.எஸ்.டி.யிலும் இதைப் பார்த்தோம். இன்ஜினியரிங் ஜாப் ஒர்க்குக்கு, அதாவது அடுத்தவர் தரும் பொருளில் கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலைக்கு, 18 சதவீதமாக இருந்த வரி 2019 அக்டோபரில் 12 ஆனது. அதற்குப் பின்னால் கோவைச் சங்கங்கள் திரும்பத் திரும்பக் கொடுத்த மனுக்கள் இருக்கின்றன.

மனுவில் "சிறுதொழில் நசிந்துவிடும்" என்று மட்டும் எழுதினால் போதாது, எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். போன வருடத்து பில், உச்ச நேரத்தில் ஓடிய யூனிட், ஒரு புஷ்ஷுக்கு எத்தனை பைசா ஏறுகிறது என்ற கணக்கு, இவை வேண்டும். கப்பலூரிலும் கே.புதூரிலும் ரப்பர், பிளாஸ்டிக் பட்டறை வைத்திருக்கிறவர்கள் பில் நகலைக் கொடுங்கள். ஒரே தாளில் சேர்த்துக் கணக்குப் போட்டு, சங்கத்தில் கொடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.