செப்புக் காசுக்குப் புளி வேண்டாம்

பச்சை பிடித்த பழைய செப்புக் காசைக் கண்டால் வன்னியில் கை முதலில் போவது புளிக்கு, இல்லையென்றால் தேசிக்காய்க்கு. குத்துவிளக்குக்கு அது சரி. காசின் எழுத்து பெரும்பாலும் அந்தப் பச்சைப் படையில்தான் தங்கியிருக்கும். புளிப்புப் பட்டுப் படை கரைந்தால் எழுத்தும் போய், குழி விழுந்த சிவந்த தகடுதான் மிஞ்சும்.

உமையா, அப்பாசியர் என்ற பழைய கலீபா மரபினர் காலத்து ஃபல்ஸ் எனும் அரபுச் செப்புக் காசுக்கு இது பேரிழப்பு. அநேகமானவற்றில் எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–97) திருத்திய பொன் தீனார் 4.25 கிராம். ஃபல்ஸின் எடையோ ஊருக்கு ஊர் வேறு, அதனால் தராசை நம்பி முடிவு சொல்ல முடியாது.

வாசிக்க ரோச் லைட்டைக் காசோடு ஒட்டச் சாய்த்துப் பிடித்து, காசை மெல்லச் சுற்றுங்கள். ஒரு பக்க நடுவில் பெரும்பாலும் மூன்று வரி: ‘லா இலாஹ / இல்லல்லாஹ் / வஹ்தஹு’. ‘அல்லாஹ்’ என்ற சொல்லில் அடுத்தடுத்து நிற்கும் உயர்ந்த கோடுகளை முதலில் பிடித்தால் மற்றது வழிக்கு வரும். கூஃபி என்ற இந்தப் பழைய அரபு எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இராது. ‘பா’வும் ‘தா’வும் ஒன்றுபோலவே தெரியும். புதியவர்கள் ஊர்ப்பெயரில் தடுமாறுவது இதனால்தான். ஆண்டு இருந்தால் சொல்லில் இருக்கும்: முதலில் ஒன்று, பிறகு பத்து, கடைசியில் நூறு. ‘ஆறு, நாற்பது, நூறு’ என்றால் ஹிஜ்ரி 146. அதை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழ கி.பி. 763.

மன்னாருக்கு அருகே உள்ள பழைய துறைமுகமான மாந்தையின் அகழ்வில் இசுலாமிய உலகின் மெருகிட்ட மட்பாண்டங்கள் வந்தன. ஆனாலும் ஃபல்ஸ் உள்ளூர்ச் சில்லறை. கடல் கடந்தவை பெரும்பாலும் பொன்னும் வெள்ளியும், அதனால் இங்கே எடுத்த செப்புக் காசை உடனே ஃபல்ஸ் என்று எண்ண வேண்டாம். நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் தெரிந்தால் அது யாழ்ப்பாண அரசர் காசு. நிற்கும் உருவம் ஒரு பக்கமும் அமர்ந்திருக்கும் உருவம் மறுபக்கமும் என்றால் சோழர் வழிக் காசாகப் பாருங்கள். வயலிலோ குளத்திலோ எடுத்தது எதுவானாலும் கழுவாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கண்டெடுத்ததை அறிவிக்க வேண்டும் என்று 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் சொல்கிறது.

முறையாக வாங்கிய காசென்றால், காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு நாளுக்கொரு தரம் நீரை மாற்றுங்கள். இளகிய மண்ணை மூங்கில் குச்சியால் தள்ளினால் போதும். வெளிர்பச்சை மாவாக உதிர்ந்தால் அது வெண்கல நோய்: உள்ளே இருக்கும் குளோரைட்டு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் செம்பை அரிக்கிறது. மாரி காலத்தில் வேகம் கூடும். அப்படிப்பட்ட காசைத் தனியாகப் பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஜெல் ஈரம் பிடித்ததும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம்.