கார்டின் மேல் 200 என்று போட்டிருந்தால்

ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவிக்கு எந்த மெமரி கார்டு வாங்கலாம் என்று கேட்கிற நண்பர்கள் பலரும், உறையில் பெரிய எழுத்தில் இருக்கும் நொடிக்கு 200 மெகாபைட்டைத்தான் முதலில் காட்டுகிறார்கள். அந்த வேகம் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் தனி கார்டு ரீடரில் போட்டால்தான் வரும். டெக்கில் இருப்பது யூஎச்எஸ்-1 என்ற வேகத் தரத்து ஸ்லாட். அதன் உச்சவரம்பே நொடிக்கு 104 மெகாபைட். கைக்கு வருவது அதைவிடக் கொஞ்சம் குறைவு. முதல் நின்டெண்டோ ஸ்விட்சிலும் இதே கதைதான். அடுத்த தரமான யூஎச்எஸ்-2 கார்டு போட்டாலும் அது யூஎச்எஸ்-1 வேகத்தில்தான் ஓடும். காசுக்குக் கேடு.

கார்டில் இருக்கும் வி30 என்ற குறி நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் இடைவிடாமல் எழுதும் என்ற உறுதி. வீடியோ எடுப்பவர்களுக்கானது. கேம் ஓடும்போது நடப்பது வேறு: சின்னச் சின்னத் துண்டுகளாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிப்பதும் நிறைய இருக்கும். அதற்குப் பார்க்க வேண்டியது ஏ1, ஏ2 குறி. ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1500 ரேண்டம் ரீட், ஏ2 என்றால் 4000. ஆனால் அந்த 4000 வர, கருவியும் ஒத்துழைக்க வேண்டும். விலை வித்தியாசம் அதிகமென்றால் நான் ஏ1-ஐயே எடுப்பேன், மிச்சத்துக்குக் கூடுதல் ஜிபி.

ஸ்விட்ச் 2 வைத்திருப்பவர்கள் மட்டும் இதையெல்லாம் மறந்துவிடலாம். 2025-இல் வந்த அந்தக் கருவியில் கேம்களைப் பதிய மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேறு வகைக் கார்டுதான் வேண்டும்.

அப்புறம், எந்தக் கார்டானாலும் கேம் ஏற்றும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி ஒரு மென்பொருளில் முழுக் கொள்ளளவையும் சோதித்துவிடுங்கள். 1 டிபி என்று அச்சடித்த போலிகள் தாராளமாகச் சுற்றுகின்றன.